இரும்பு ஆகாத வீடு

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. முதல்முறை பார்க்கிறவர்கள் கோழிப்பண்ணை என்றுதான் நினைப்பார்கள். நீளமான தாழ்ந்த கட்டடம், ஓட்டுக்கூரை, வாசலுக்கு மூங்கில் படல். இரும்புக் கேட் போட வக்கில்லாமல் படல் வைக்கவில்லை. அங்கே இரும்பு கூடாது. சுவருக்குள் கம்பி இல்லை, கதவுக் கீல் பித்தளை, ஆணியெல்லாம் செம்பு, உட்கார மர முக்காலி. பாறைகளின் காந்தத்தை அளக்கிற இடம் அது. நான் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

பாறைக்கு ஏது காந்தம் என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே சுருங்கிப்போன பதில் ஒன்று என்னிடம் உண்டு. பூமிக்குள்ளிருந்து குழம்பாக ஏறிவந்த கல் ஆறி இறுகும்போது, அதற்குள் இருக்கும் பொடிப்பொடியான காந்தத் துகள்கள் அன்றைக்கு வடக்கு எதுவோ அதைப் பார்த்தபடி உறைந்துவிடும். பிறகு அந்த நிலமே நகர்ந்து, திரும்பி, எங்கே போய்ச் சேர்ந்தாலும் கல் தன் பழைய திசையை விடாது. அந்தத் திசையைக் கண்டுபிடித்தால் நிலம் எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆனால் கல்லுக்குள் இருக்கும் அந்தக் காந்தம் மிகவும் பலவீனமானது. பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து வந்தால் போதும், கல் சொல்வது கருவிக்குக் கேட்காது.

அதனால் வாசலிலேயே ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம். செல்போன், சாவி, பெல்ட், ஹேர்பின் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கல்யாணமான பெண்கள் தாலிச்சரட்டில் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. நானும் மாட்டியிருந்தேன். அந்த வாசலில் நின்று தினமும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போடுவேன். எங்கள் பேராசிரியர் அந்த விஷயத்தில் கோயில் குருக்களைவிடக் கறார்.

இதையெல்லாம் வாய் சும்மா இருக்காமல் என் மாமியாரிடம் சொல்லிவைத்தேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒடுகத்தூர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார். ரவிக்கைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். என் கணவர் ஓசூரில் வேலை பார்த்ததால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. வீட்டில் நானும் அத்தையும்தான். நான் சொன்னதைக் கேட்டு அத்தை மிஷினை நிறுத்திவிட்டார்.

"இன்னாது? அந்த வூட்ல ஒரு ஆணி கூட இல்லியா?"

"செம்பு ஆணி இருக்குங்க."

"செம்பு எதுக்கு ஆவும்? இரும்பில்லாத வூட்ல எப்டி நீ பகலெல்லாம் குந்திக்கினு கீற?"

நான் சிரித்துவிட்டேன். அத்தைக்கு இரும்பு என்றால் காவல். கறிக்குழம்பைத் தூக்கில் ஊற்றி வெளியே எடுத்துப் போனால் கூட ஒரு ஆணியைச் சேர்த்துவிடுவார். வாசல்படியில் லாடம், பரண்மேல் பழைய அரிவாள். பிள்ளைத்தாய்ச்சி வெளியே கிளம்பினால் கையில் இரும்பு இல்லாமல் அனுப்பமாட்டார். நான் செங்கத்துப் பெண். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் உண்டு என்றாலும் இவ்வளவு தீவிரம் கிடையாது. படித்த திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. எனக்கு முதலில் தங்கிய கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அது ஆரம்பித்தது ஆய்வுக்கூடத்தில், கருவி முன்னால், அந்த மர முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது. யார் என்ன செய்தாலும் இப்படி நடப்பதுண்டு, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வேலூரில் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். நான் நம்பினேன். ஆனாலும் திரும்பிப் போன பிறகு அந்த முக்காலியில் உட்காரமாட்டேன், வேறொன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அத்தை எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வருஷம் மறுபடி தங்கியது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். பயந்தேன். காலையில் எழுந்ததும் பயம், பஸ் ஏறும்போது பயம், மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பயம். அத்தனைக்கும் நடுவில் இன்னொரு கவலை வயிற்றுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அது மேற்குப் பக்கத்துக் கல்.

ஜவ்வாது மலையின் வெளுத்த பாறைகளுக்கு நடுவே அங்கங்கே கரும்பாறை, சுவர் எழுப்பியதுபோல் நீளமாகக் குறுக்கே ஓடும். விரிசலில் குழம்பு ஏறி உறைந்த சுவர்கள் அவை. கிழக்குப் பக்கத்துச் சுவர்களை நான் கல்யாணத்துக்கு முன்பே அளந்து முடித்திருந்தேன். எல்லாம் ஒரே திசையைச் சொல்லின. மேற்குப் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் சிதையாத கரும்பாறைச் சுவர் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மலைப்பாதைக்காக வெட்டிய ஒரு வளைவில் அது பளிச்சென்று தெரியும். அதுவும் அதே திசையைச் சொல்கிறதா, வேறு திசையா என்பதுதான் என் ஆராய்ச்சியின் மொத்தக் கேள்வி. அந்த ஒரு கல் இல்லையென்றால் நான் செய்தது பாதிச் சட்டை. கை ஒன்று, உடம்பு ஒன்று தைத்துவிட்டு இதுதான் சட்டை என்று யாரிடம் நீட்டுவது?

ஐந்தாம் மாதத்தில் அந்தக் கல்லை எடுக்கப் போனோம். அதற்காக அத்தை என் பழைய சுடிதார் டாப் ஒன்றை இரண்டு பக்கமும் பிரித்துத் துணி வைத்துத் தைத்து அகலமாக்கித் தந்தார். கீழ்மடிப்பைக்கூடப் பெரிதாக மடித்துத் தைத்திருந்தார். "மலைக்குப் போவ சொல்ல இத்தையே போட்டுக்கோ" என்றார். நானும் அப்படியே செய்தேன்.

அந்த வேலை இப்படி. போர்வெல் போடுகிற மாதிரிதான், ஆனால் கட்டைவிரல் பருமனுக்கு, கையில் பிடித்துக்கொள்ளும் மிஷினால், தண்ணீர் விட்டுக்கொண்டே பாறையில் துளைபோடுவோம். உள்ளே ஒரு கல் உருளை நிற்கும். அதை உடைத்து எடுப்பதற்கு முன்னால், துளைக்குள் ஒரு பித்தளைக் குழாயைச் செருகவேண்டும். குழாயின் தலையில் திசைகாட்டி இருக்கும். துளை எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குனிந்து படித்து, பித்தளைக் கம்பியால் கல்லின் மேல்பக்கத்துக்கு அடையாளமாக ஒரு கோடு கிழிக்கவேண்டும். படித்த திசை தப்பானால் கல்லுக்குள் இருக்கும் திசையும் தப்பு. அதனால் படிக்கும்போது துளைபோடும் மிஷினைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவோம். போன், சாவி எல்லாம் ஜீப்பில். படிப்பது எப்போதும் ஒரே ஆள், நான்தான். அன்றைக்கு வெயில் இருந்திருந்தால் நிழலை வைத்துத் திசையைச் சரிபார்த்திருப்போம். நாள் முழுக்க மூடுபனி. முள்ளை மட்டும் நம்பிப் படித்துக்கொண்டு வந்தோம்.

கல்லை அளந்து முடிக்கச் சில வாரம் ஆனது. ஒவ்வொன்றின் திசையும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டத்துக்குள் புள்ளியாக விழும். ஒரே சுவரிலிருந்து எடுத்த கற்கள் என்றால் புள்ளிகள் ஒரே இடத்தில் கும்பலாக விழவேண்டும். கிழக்குப் பக்கத்துக் கற்கள் அப்படித்தான் விழுந்தன. இவை விழவில்லை. ஒரு கல் இந்தப் பக்கம், ஒரு கல் அந்தப் பக்கம் என்று பிறை மாதிரி வளைந்து பரவிக் கிடந்தன. நான் அளந்ததையே மறுபடி அளந்தேன். அப்படியேதான் வந்தது. வயிற்றில் இருக்கிறவளுக்கு என் பதற்றம் கேட்குமோ என்று அதற்கும் சேர்த்துப் பதறினேன்.

பேராசிரியரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"மின்னல் விழுந்த பாறையா இருக்குமா சார்?" என்றேன். மின்னல் விழுந்தால் பாறையின் பழைய காந்தம் அழிந்து கன்னாபின்னாவென்று ஆகிவிடும். அப்படி இருந்துவிட்டால்கூட நிம்மதி, பழியை வானத்தின்மேல் போட்டுவிடலாம் என்று இருந்தது எனக்கு.

"மின்னல் இல்ல மா. சாய்வு பாரு, எல்லாக் கல்லுக்கும் ஒத்துப்போகுது. கிழக்கு மேற்குதான் ஆடுது. சாய்வைத் திசைகாட்டி வெச்சுப் படிக்கிறதில்ல. ஆடுறது முள்ளு மட்டும். கல்லு சரியாத்தான் சொல்லுது. நாம அங்க படிச்சதுல என்னமோ தப்பு."

நாம் என்று மரியாதைக்குச் சொன்னார். படித்தது நான். திசைகாட்டியைச் சோதித்தோம், சரியாக இருந்தது. அன்றைக்கு என்னென்ன எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்தோம். மிஷின் தூரத்தில் இருந்தது. ஜீப் வளைவுக்குக் கீழே இருந்தது. என் ஊக்குகள் ஜீப்பில் இருந்தன. நான் எதையோ செய்திருக்கிறேன், என்னவென்றுதான் தெரியவில்லை என்ற நினைப்பு ஆளைத் தின்றது. அத்தை சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். "புள்ளைக்காவது துன்னு" என்பார்.

இது போதாதென்று, ஒருநாள் பஸ் ஜன்னலில் பார்க்கிறேன், அந்த வளைவில் பாறைமேல் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஜேசிபி. கண்டக்டரிடம் கேட்டேன்.

"ரோட்ட அகலம் பண்றாங்க மா. அந்தப் பாறைய மொத்தமா எட்த்துடுவாங்க. பஸ்சு திரும்ப ரொம்ப கஷ்டமா கீது இல்ல?" என்று அவர் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் சாரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பாறையில் நாங்கள் போட்ட துளைகள் இன்னும் அப்படியே இருந்தன. குழாயை மறுபடி செருகித் திசையைத் திரும்பப் படித்துவிட்டால் போதும், கையில் இருக்கும் கற்களைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் தப்பு எங்கே என்று தெரியாமல் போனால் அதே தப்பைத்தானே மறுபடி செய்துவிட்டு வருவோம்?

அன்றைக்கு நான் அந்த டாப்பைத்தான் போட்டிருந்தேன், மலைக்கென்று அத்தை அகலமாக்கித் தந்ததை. ஏழாம் மாதம் பிறந்திருந்தது, வேறெதுவும் எனக்குப் பற்றவில்லை. அது இருக்கும் ஒரே காரணத்துக்காக மாட்டிக்கொண்டு வந்தேன். வாசல் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கருவி முன்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளே கல்லே வைக்காதபோது கருவி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். எகிறியது. எழுந்து தள்ளிப்போனேன், இறங்கியது. கிட்டே வந்தேன், எகிறியது.

"மேல என்ன இருக்கு மா? வளையல்?"

கண்ணாடி வளையல்தான். அதையும் கழற்றினேன். தாலியையும் கழற்றினேன். செருப்பு ஏற்கெனவே வெளியே. மறுபடி கிட்டே வந்தேன். மறுபடி எகிறியது. சார் ஒரு சின்னத் திசைகாட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் தனியாக நின்று அதை என்மேல் நகர்த்தினேன். தலை, கழுத்து, தோள். முள் அசையவில்லை. மார்புக்குக் கீழே வந்ததும் நடுங்கியது. வயிற்றுக்கு வந்ததும் திரும்பியது.

அந்த நிமிஷம் என்ன நினைத்தேன் என்று சொன்னால் யாராயிருந்தாலும் சிரிப்பார்கள். டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நினைத்தேன். அது முள்ளைத் திருப்பாது என்று எனக்குத் தெரியும். காந்தத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான். இருந்தும் என் குழந்தைக்குள் ஏதோ ஆகிவிட்டது, இந்த வீடு அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று உடம்பெல்லாம் வியர்த்தது. பயம் வந்தால் படிப்பு முதலில் ஓடிப்போகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு திசைகாட்டியை இன்னும் கீழே கொண்டுபோனேன். முள் வயிற்றைக் காட்டவில்லை. வலப்பக்கம், டாப்பின் கீழ்மடிப்பைக் காட்டிச் சுற்றியது. தொட்டுப் பார்த்தேன். பெரிதாக மடித்துத் தைத்த துணிக்குள் ஏதோ தட்டையாக, கெட்டியாக. அந்தக் கனத்தை இதுவரை மடிப்பின் கனம் என்றே விட்டிருந்தேன்.

கத்தரிக்கோல் அங்கே கிடையாது. கல்லில் கோடு கிழிக்கும் பித்தளைக் கம்பியை விட்டுத் தையலை இழுத்து, மீதியைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். மஞ்சள் துணியில் சுற்றிய மாட்டு லாடம் ஒன்று கையில் விழுந்தது. தேய்ந்து மெலிந்த பழைய லாடம். துளைகளில்கூட நூல் கோத்து, நகராதபடி நாலாபக்கமும் தைத்திருந்தது. அப்படி அடக்கமாகத் தைக்க எனக்குத் தெரிந்து ஒருவரால்தான் முடியும்.

மலையில் அந்தத் துளைகளுக்கு முன்னால் குனிந்த ஒவ்வொரு தடவையும் அது திசைகாட்டிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. நான் எவ்வளவு கிட்டே குனிந்தேனோ அவ்வளவுக்கு முள் நகர்ந்திருக்கிறது. சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் அவருக்கு உயிர் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தையல்கடைக்குப் போனேன். லாடத்தை மிஷின்மேல் வைத்தேன். கடையில் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை, கத்தினேன். எத்தனை தடவை சொன்னேன், இரும்பு கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன், என் படிப்பே போச்சு, என்னை என்ன செய்யச் சொல்றீங்க. அந்தப் பெண் மெல்ல எழுந்து போய்விட்டாள்.

அத்தை லாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ அந்த வூட்டுக்குள்ளதான் இரும்பு ஆவாதுன்ன. அதான் அங்க போட்டுக்கினு போற துணி எதுலயும் வெக்கல. மலைக்குப் போவ சொல்ல போட்டுக்கிறதுலதான் வெச்சேன். அங்க வெட்டவெளிதான? பாறைதான? அங்க கூட ஆவாதுன்னு நீ சொல்லல மா."

நான் சொல்லியிருக்கவில்லை. திசைகாட்டி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுப்போகும் துணிகளில் வைக்காமல் பார்த்துப் பார்த்து விலக்கி, என் வேலை கெடக்கூடாது என்று யோசித்து, அவர் இதைச் செய்திருக்கிறார். என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது. அதனால் இன்னும் கத்தினேன்.

"அந்தப் பாறையையே உடைக்கப் போறாங்க அத்தை. போனா போனதுதான். திரும்ப வராது."

"கல்லு போனா வேற கல்லு கீது" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "போன தபா போச்சே, அது வந்துதா?"

நான் வாடிக்கையாளர் உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கீதா அந்தக் கல்லு?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப நாளைக்குப் போலாம். நானும் வர்றேன்."

மறுநாள் காலை சார் ஜீப்போடு வந்தார். அத்தை லாடத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் ஏறினார். மேலே போகப்போக மூடுபனி. வெயிலே இல்லை. இந்தத் தடவையும் முள்ளை நம்புவதைத் தவிர வழியில்லை. வளைவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜேசிபி பாறையின் ஓரத்தைக் கொத்தியிருந்தது. ஓரத்துத் துளைகள் உடைசலாகக் கீழே கிடந்தன. நடுவில் இருந்தவை தப்பித்திருந்தன. வேலையாட்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாகச் சுற்றி நின்றார்கள்.

சார் மேஸ்திரியிடம் பேசினார். கொஞ்ச நேரம்தான் வேண்டும் என்று நயமாகத்தான் சொன்னார். மேஸ்திரி கையை விரித்தார். வண்டியை எடுத்தால் மறுபடி நிறுத்த நேரமாகும், மேலேயிருந்து கேட்பார்கள் என்றார். நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவுதான், முடிந்தது என்று நின்றேன்.

அப்போதுதான் அத்தை ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இன்னாப்பா, புள்ளத்தாச்சி நின்னுக்கினு கீறா, கண்ணு தெரியலியா? அந்த வண்டிய அப்பால எட்த்துனு போ. கடப்பாரையெல்லாம் தூக்கு. ஒரு ஆணி கூட அவ கிட்ட இருக்கக்கூடாது. போ, போ!"

இதைச் சொன்னது என் அத்தைதான். கறிக்குழம்புக்கு ஆணி வைக்கிறவர். ஆட்களைக் கோழி விரட்டுவதுபோல் விரட்டினார். கர்ப்பிணிக்கு ஏதோ சாமி காரியம் என்று மேஸ்திரி நினைத்திருக்கவேண்டும், ஜேசிபி உறுமிக்கொண்டு கீழே இறங்கியது. சார் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அத்தை சாலையில் திரும்பி நின்று தன் தாலிச்சரட்டிலிருந்த ஊக்குகளைக் கழற்றினார். என்னைப் பார்த்து, "உன்னுது?" என்றார். என்னுடையவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"எவ்ளோ தூரம் போவணும்?"

"அந்த மைல்கல் வரைக்கும் போங்க அத்தை."

முந்தானையைப் பற்றியபடி நடந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். மூடுபனி அவரை மெல்ல எடுத்துக்கொண்டது.

நான் முதல் துளையில் குழாயைச் செருகிக் குனிந்தேன். சார் எழுதிக்கொள்ள நின்றார். அந்த இடத்தில், உடம்பில் பொட்டு இரும்பு இல்லாமல் குனிந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்குப் பயம் என்று கேட்டால் பதில் தெரியாது. முள் ஆடி நின்றது. படித்தேன். அடுத்ததற்கு நகரும்போது நிமிர்ந்து பார்த்தால் மைல்கல் பக்கம் வெள்ளையாக இருந்தது, ஆள் தெரியவில்லை.

"அத்தை!"

"தோ, கீறேன்" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அடுத்த துளை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி "தோ, கீறேன்." அப்புறம் நான் கூப்பிடக் காத்திராமல் அவரே "ஆச்சா?" என்றார். "இன்னும் இல்லங்க" என்றேன். கடைசித் துளைவரை அப்படியே போயிற்று. கேட்பதும் சொல்வதுமாக இருந்ததால் ஒவ்வொன்றையும் பதறாமல் படித்தேன்.

முடிந்தது என்று கத்தியதும் அத்தை ஓடி வந்தார். அவரால் ஓட முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. லாடம் முந்தானையில் இல்லை, வலது கையில் இருந்தது. முடிச்சை அவிழ்த்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்னிடம் நீட்டினார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"வோணாம். உன் வேல கெட்டுப்பூடும்."

"வேலை முடிஞ்சிடுச்சி. குடுங்க அத்தை."

கையை விரித்தார். உள்ளங்கையில் லாடத்தின் வளைவும் துளைகளும் சிவப்பாகப் பதிந்திருந்தன. வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

புதிதாகப் படித்த திசைகளைப் போட்டுப் பார்த்தபோது திரையில் அந்தப் பிறை சுருங்கிப் புள்ளிகள் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்தன. கிழக்குப் பக்கத்துக் கற்கள் சொன்ன அதே திசை. சார் சத்தம்போட்டுச் சிரித்தார். நான் உள்ளிருந்தபடியே எட்டிப் பார்த்து, வாசலில் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் சொன்னேன். "கல்லுக்கு ஆச்சா? சரி, நீ வெளிய வா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பிரசவம் ஆகும்வரை நான் அங்கே போன நாளெல்லாம் அவரும் கடையைச் சாத்திவிட்டு வந்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், லாடத்தோடு.

மகள் வேலூரில் பிறந்தாள். சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த சில நாளில் அத்தை வீட்டைக் கலைத்துப் போட்டார். நூல்கண்டு டப்பா, பரண், பீரோ, அரிசி டிரம் வரைக்கும். முகம் வெளுத்திருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த லாடம் மா. எங்க வெச்சேன்னு தெரியல. ஆஸ்பத்திரில வுட்டுட்டேனோ இன்னாவோ. பச்சப்புள்ள வூட்ல..."

"தூளிக்குள்ள பாருங்க."

அத்தை மெதுவாகப் போய்த் தூங்கும் குழந்தைக்கு அடியில் விரித்த துணியைத் தடவினார். தடவிய இடத்தில் கை நின்றது.

"எப்ப வெச்ச?"

"வந்த அன்னிக்கே வெச்சிட்டேன் அத்தை."